வெற்று லோரியும் பதினாறு நாளும்

சாலாக் செலாத்தானில் குடியிருக்கும் சுகுமாறன் பதினோரு வருஷம் ஒரு லோரி ஓட்டினார். அதில் அவர் எதையும் ஏற்றியதில்லை. ஏற்றாத சரக்கை எங்கும் இறக்கியதும் இல்லை. நாட்டில் லோரி ஓட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கல்லும் மண்ணும் செம்பனைக் குலையும் ஏற்றிக்கொண்டு முதுகு வலி என்று புலம்புவார்கள். சுகுமாறனுக்கு அந்தக் குறை வந்ததில்லை. அவருடைய லோரி போகும்போது எவ்வளவு கனமோ வரும்போதும் அவ்வளவே கனம். இதற்கு அவருக்கு மாதச் சம்பளம், சேமநிதி, வருஷத்துக்கு இரண்டு சீருடை.

இது ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சட்டப்படி நடந்த காரியம்.

காஜாங்குக்குக் கிழக்கே மலைச்சரிவில் ஒரு காப்புக்காடு இருக்கிறது. ஹூத்தான் சிம்பான் என்று பச்சைப் பலகை போட்டிருப்பார்கள். அங்கே ஒரு மூங்கிலை வெட்டினாலும் குற்றம், ஒரு கல்லைப் பெயர்த்தாலும் குற்றம். ஆனால் அந்தக் காட்டின் நடுவயிற்றில் நாற்பது ஏக்கர் மட்டும் காடு இல்லை. காட்டைக் காக்கச் சட்டம் வருவதற்கு முன்பே எவரோ ஒரு துரை அந்த இடத்தில் ஈயம் தோண்டப் பட்டா வாங்கியிருந்தார். துரை போய்ச் சேர்ந்தார். ஈயமும் தீர்ந்துபோனது, அல்லது தீரவில்லை; இரண்டையும் நிரூபிக்கும் அறிக்கைகள் இருக்கின்றன. பட்டா மட்டும் சாகவில்லை. கை மாறி மாறிக் கடைசியில் நான்கு சொல் பெயருள்ள ஒரு கம்பெனியிடம் வந்தது. நான்கில் மூன்று சொற்கள் செழிப்பைக் குறிப்பவை. நான்காவது ஹோல்டிங்ஸ்.

நிலம் கம்பெனிக்குச் சொந்தம். நிலத்துக்குப் போகும் ஏழு கிலோமீட்டர் மண்சாலையோ காட்டின் மேல் கிடந்தது. சொந்த வீட்டுக்கு அடுத்தவன் படுக்கையறை வழியாகப் போகிற மாதிரியான ஏற்பாடு. அதற்கு ஓர் அனுமதிப் பத்திரம் உண்டு. பத்திரத்தின் ஒன்பதாவது நிபந்தனை இப்படிச் சொன்னது: தொடர்ந்து பதினான்கு நாள் சுரங்க வாகனம் எதுவும் போகாவிட்டால் சாலை காட்டுக்கே திரும்பிவிடும். அந்த வாகனம் எதை ஏற்றிப் போக வேண்டும் என்று நிபந்தனை சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் சுகுமாறனுக்கு வேலை கிடைத்தது.

கம்பெனிக்கு ஈயம் தோண்டும் உத்தேசம் இல்லை. ஈயத்தைவிட, ஈயம் தோண்டலாம் என்ற உரிமைக்கு நல்ல விலை. அந்த உரிமையும் சாலை இருந்தால்தான் விலை போகும். சாலை இல்லாத நாற்பது ஏக்கர் ஹெலிகாப்டர் வைத்திருப்பவருக்கும் குரங்குக்கும்தான் பயன்படும். ஆகவே சுகுமாறன் தினமும் காலை ஏழு மணிக்குக் காஜாங் கொட்டகையிலிருந்து லோரியை எடுப்பார். எட்டுப் பத்துக்குக் காட்டு வாசலில் இருக்கும் பாலாங் என்ற தடுப்புக் கம்பத்தை அடைவார். வனக் காவலர் ஷபீர் கம்பத்தைத் தூக்குவார். ஏழு கிலோமீட்டர் போனால் ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய லம்பக் குட்டை, பச்சைத் தண்ணீர். அங்கே என்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பார். ஏன் இருபது நிமிஷம் என்று யாரும் சொல்லவில்லை. போன உடனே திரும்பினால் மரியாதையாக இருக்காது என்று அவரே வைத்துக்கொண்ட கணக்கு. பதினொரு மணிக்கு வேலை முடிந்துவிடும். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் மட்டும் விடுமுறை.

மனைவி குமுதாவிடம் முதல் இரண்டு வருஷம் அவர் விஷயத்தைச் சொல்லவில்லை. "இன்னிக்கு என்ன லோடு?" என்று கேட்பாள். "மண்ணு" என்பார். ஒரு பள்ளி விடுமுறையில், பள்ளிக்கூடக் கேன்டீனில் அவளுக்கு வேலை இல்லாத நாளில், நானும் வருகிறேன் என்று லோரியில் ஏறிக்கொண்டாள். குட்டையைப் பார்த்தாள். பின்னால் எட்டி லோரியின் தொட்டியைப் பார்த்தாள். அதில் ஒரு காய்ந்த இலை கிடந்தது.

"இதுக்கா ராத்திரி முதுகுல தைலம் தேய்க்கச் சொன்னீங்க?"

குமுதா சிரிக்க ஆரம்பித்தாள்; பாலாங் வரும்வரை ஏழு கிலோமீட்டரும் சிரித்தாள். அதன் பிறகு தினமும் மதியம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து குரல் வரும்: "லோடு ரொம்பக் கனமா?" ஒன்பது வருஷம் ஒரே கேலி. அது புளித்துப்போனது என்று இருவரும் சொல்லவில்லை.

போன வருஷம் மே மாதம் மூன்றாம் தேதி விடியற்காலையில் குமுதா குளியலறையில் விழுந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவசரம் முடிந்துவிட்டிருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே கொள்ளி வைக்கும் கடமை சுகுமாறன் தலையில் விழுந்தது. வைத்தார். மறுநாள் கிள்ளான் கடலில் அஸ்தியைக் கரைத்தார். எல்லாரும் அழுதார்கள், அவருக்கு அழுகை வரவில்லை. முன்பு ஒருமுறை அவருடைய கல்லீரலைச் சோதிக்க ஊசி போட்டு வயிற்றை மரத்துப்போக வைத்திருந்தார்கள்; இப்போது உடம்பு முழுக்க அந்த மாதிரி இருந்தது. ஊசியின் வேகம் ஒரு மணி நேரத்தில் தணியும் என்று அன்றைக்கு டாக்டர் சொல்லியிருந்தார். இதற்கு யாரும் நேரம் சொல்லவில்லை.

கம்பெனிக்கு போன் செய்தார். அலுவலகத்திலிருந்து ஒரு மலர்வளையமும் மூன்று நாள் துக்க விடுப்பும் வந்தன. மாற்று டிரைவர் வரவில்லை. லோரி எதையும் ஏற்றுவதில்லை என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். பிறகு அது ஏன் ஓடுகிறது என்பது தெரிந்த ஒரே மேனேஜர் இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார். எதையும் ஏற்றாத லோரி நிற்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

வீட்டுப் பொறுப்பைக் குமுதாவின் அக்கா வள்ளியம்மா எடுத்துக்கொண்டாள். படத்துக்கு மாலை போட்டாள், கீழே விளக்கு ஏற்றினாள், சுகுமாறனை எதிரே பாயில் உட்கார வைத்தாள். கொள்ளி வைத்தவர் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை வெளியே போகக்கூடாது, விளக்கு அணையக்கூடாது. இவ்வளவுதான் விதி. மூன்று நாள் விடுப்பு முடிந்ததும் கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. எண்ணெய் ஊற்றினார்.

பதின்மூன்றாம் நாள் காலை, குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த லோரிச் சாவியைப் பார்த்தபோது ஒன்பதாவது நிபந்தனை ஞாபகம் வந்தது.

"அக்கா, நாளைக்கு ஒரு நடை போயிட்டு வந்துரவா? ரெண்டே மணி நேரம்தான்."

"எங்க?"

"காட்டுக்கு. பதினாலு நாள் லோரி போகலன்னா ரோட்டை எடுத்துக்குவாங்க."

வள்ளியம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "யாரு ரோடு?"

"கம்பெனி ரோடு. இல்ல, காட்டு ரோடு. கம்பெனி போற ரோடு."

"மாப்பிள்ளே, கொள்ளி வச்ச கையால ஸ்டேரிங் புடிக்கப் போறீங்களா? அவளுக்கு நீங்க ஒருத்தர்தான். வேற யாரு உக்காருவா, அந்தக் காட்டுக் குரங்கா?"

"பதினாலுன்னு எழுதியிருக்குக்கா."

"அவங்களுக்குப் பதினாலு. நமக்குப் பதினாறு."

ஒன்பதாவது நிபந்தனையை எழுதிய அதிகாரி எந்தச் சாவு வீட்டிலும் உட்கார்ந்து பார்க்கவில்லை. கருமாதிக்கு நாள் குறித்த முன்னோரும் சாலை அனுமதியைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். இரண்டு எண்களும் ஒன்றையொன்று சந்திக்காமலே காலத்தை ஓட்டியிருக்கலாம். சுகுமாறன் வீட்டுக் கூடத்தில் சந்தித்துக்கொண்டன. அவர் சாவியை அங்கேயே விட்டுவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தார். பத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு வழக்கம்போல லோரியை எடுத்தார்.

அதோடு முடிந்திருக்கும். தப்பீர் என்ற காட்டு மிருகத்தைப் படமெடுக்க ஆசைப்பட்ட தம்புசாமி என்ற ஓய்வுபெற்ற வாத்தியார், சாலையோரத்து மரம் ஒன்றில் தானாகவே படம் பிடிக்கும் ஒரு கேமராவைக் கட்டி வைத்திருந்தார். இரவில் நடமாடும் அந்தக் கூச்சக்கார மிருகம் எதிலும் சிக்காது. ஆனால் மே மாதம் ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு, பட்டப்பகலில், நடுச்சாலையில் நின்று தழை மென்றுகொண்டிருந்தது. வாத்தியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்த நேரத்தில் ஒரு லோரி வருமே, அது எங்கே என்று பிறகுதான் யோசித்தார். படங்களை எல்லாம் பார்த்தார். பதினாறு நாள் லோரி இல்லை. சாலையைக் காட்டுக்குத் திருப்பக் கேட்டு வனத்துறைக்கு மனு எழுதினார்.

கம்பெனி துள்ளிக் குதித்தது. தன் லோரி எதற்கு ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் அதற்கு முழுதாகப் புரிந்தது. கேமரா பழுது என்றது. ஆதாரமாகப் பாலாங் பதிவேட்டைக் காட்டியது. அதில் மே மூன்று முதல் பதினெட்டு வரை, ஒரு நாள் தவறாமல், லோரி போனதாக வனக் காவலரின் டிக் இருந்தது.

சுகுமாறனைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரச் சொன்னார்கள். பூக்கடைக்கு மேல்மாடியில் கம்பெனி வக்கீல் சந்திரகலாவின் அலுவலகம். கீழேயிருந்து மல்லிகை வாசமும் பெரிய ஒலிபெருக்கிப் பாட்டும் ஏறி வந்தன. சந்திரகலா நல்ல பெண். நாற்காலி போட்டாள், பால் சேர்க்காத தே ஓ வரவழைத்தாள்.

"அங்கிள், ஆன்டி விஷயம் கேள்விப்பட்டேன். சாரி லா."

"பரவால்லம்மா."

"நாளான்னைக்கு விசாரணை. ஒண்ணுமே இல்ல. பொய் சொல்லச் சொல்லல. அவங்க புத்தகத்தைக் காட்டுவாங்க. இதுல உள்ளது சரியான்னு கேப்பாங்க. ஆமான்னா போதும்."

"நான் ஓட்டலையேம்மா."

"புத்தகத்துல ஓட்டியிருக்கீங்களே."

சுகுமாறன் பதிவேட்டின் நகலைப் பார்த்தார். மூன்றாம் தேதி, எட்டுப் பத்து. அந்த நேரத்தில் குமுதா ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்குள் இருந்தாள். அவர் ஆஸ்பத்திரிப் படிவமான பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். நான்காம் தேதி, எட்டுப் பத்து. அப்போது கிள்ளான் கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தார். டிக்குகள் ஒரே சாய்வில், ஒரே நீளத்தில், ஒழுங்காக இருந்தன.

"இதுக்கு நான் ஆமான்னா, நான் வீட்டுல இல்லன்னு ஆகுமா?"

"வீட்டைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க அங்கிள். ரோட்டைப் பத்தி மட்டும்தான். கம்பெனி உங்களை அறுபது வயசு வரைக்கும் வச்சுக்கும், லெட்டர் ரெடி." குரலைத் தாழ்த்தினாள். "இல்லன்னு சொன்னீங்கன்னா ரோடு போயிடும். ரோடு போனா லோரிக்கு வேலை இல்ல. லோரிக்கு வேலை இல்லன்னா..."

ஐம்பத்தேழு வயதில் வெற்று லோரி மட்டுமே ஓட்டிய அனுபவத்துக்கு வேறெங்கே வேலை கிடைக்கும் என்பது அவருக்கும் தெரிந்ததுதான். தே ஓவைக் குடித்தார். சூடாக இருந்ததா இல்லையா என்று கவனிக்கவில்லை.

மறுநாள் பாலாங்கில் ஷபீர் கம்பத்தைத் தூக்காமல் லோரியருகே வந்து நின்றார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த டிக்கு..."

"பாத்தேன்."

"மாசம் ஒண்ணாந்தேதி முப்பதையும் போட்டுருவேன்ண்ணே. தினம் தினம் புத்தகத்தைத் தொறக்கணுமா? பதினோரு வருஷத்துல நீங்க வராத நாளே கிடையாது. சூரியன் வருமான்னு பாத்தா காலண்டர் அடிக்கிறாங்க?"

"எட்டாம் நாள் நீ வீட்டுக்கு வந்தியே ஷபீர். துக்கம் கேட்டியே."

"வந்தேன். பத்தாந்தேதி." ஷபீர் தலையைச் சொறிந்தார். "உங்க வீட்டுல உக்காந்து உங்ககூடக் காப்பி குடிச்சேன். அதே நேரத்துக்கு உங்களை உள்ள விட்டிருக்கேன். பூட்டுப் போட்ட பாலாங்க திறந்து, நானே இல்லாம."

சுகுமாறனுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் இது. வரவில்லை. "நான் இல்லன்னு சொன்னா உனக்கு என்ன ஆகும்?"

"கடுதாசி வரும். காஜாங் ஆபீசுக்கு மாத்துவாங்க, மேசை வேலை." ஷபீர் கொஞ்சம் யோசித்தார். "மேசைன்னா மோசமில்லண்ணே. சாப்பிட சத்தே கடை எதிர்லயே இருக்கு. நீங்க என்னைப் பாக்காதீங்க. உங்களுக்கு எது சரியோ சொல்லுங்க."

"எனக்கு எது சரின்னு தெரியல ஷபீர். ஒண்ணும் தோணல."

ஷபீர் கம்பத்தைத் தூக்கினார். சுகுமாறன் உள்ளே போய்க் குட்டைக்கரையில் இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

விசாரணை ஓர் அரசாங்க அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. அதிகாரி தூடோங் என்ற தலைத்துணி அணிந்த ஒரு பெண்மணி; புவான் என்று அழைத்தார்கள், நிதானமானவர். மேசையின் ஒரு பக்கம் சந்திரகலா, மறுபக்கம் தம்புசாமி வாத்தியார். அவர் தப்பீர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பேச்செல்லாம் மலாயில் நடந்தது.

"இந்தப் பதிவேட்டில் உள்ளபடி மே மூன்று முதல் பதினெட்டு வரை நீங்கள் லோரி ஓட்டினீர்களா?"

சந்திரகலா பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகுமாறன் தாளைப் பார்த்தார். அந்தப் பதினாறு டிக்கும் அரசாங்கத்தின் தாளில், அரசாங்கத்தின் மையில் இருந்தன. குமுதாவின் படத்தெதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்கோ எந்தத் தாளும் இல்லை. பாய் இருந்தது, அதையும் வள்ளியம்மா கழுவி வைத்துவிட்டாள். தான் ஆமாம் என்றால், அவளுக்கென்று யாரும் உட்காரவில்லை என்று இந்த அலுவலகம் இருக்கும்வரை பதிவில் இருக்கும். இதை நினைத்தபோதும் துக்கம் என்று எதுவும் வரவில்லை. தவறான முகவரியில் போட்ட கடிதத்தைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

"இல்லை."

வாத்தியார் நிமிர்ந்தார். சந்திரகலா கண்ணை மூடித் திறந்தாள்.

"ஒரு நாளும் இல்லையா?"

"ஒரு நாளும் இல்லை. வீட்டில் இருந்தேன். மனைவி இறந்துவிட்டார்."

புவான் அனுதாபம் தெரிவித்தார். பிறகு ஒரு பாரத்தை எடுத்தார். பதிவேட்டை மறுத்துச் சாட்சி சொன்னால் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்க வேண்டுமாம். பாரத்தில் பதினாறு கட்டங்களை அவரே ஸ்கேல் வைத்துப் போட்டார்.

"மூன்றாம் தேதி?"

"தகனம்."

"நான்கு?"

"கடலுக்குப் போனேன். திரும்பி வந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன்."

"ஐந்து?"

"எண்ணெய் ஊற்றினேன்."

"ஆறு?"

"எண்ணெய்."

புவான் எழுதினார். ஏழு, எண்ணெய். எட்டு, எண்ணெய். வாத்தியார் படத்தை மெல்லக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். ஒன்பதாம் தேதி, தப்பீர் சாலையில் நின்ற அன்று, விளக்கு ஒரு தடவை அணையப் பார்த்தது, கையால் மறைத்தேன் என்றார். அதை எழுத வேண்டுமா என்று கேட்டார் புவான். எழுதுங்கள் என்றார். பத்து, ஒரு நண்பர் வந்தார், காப்பி கொடுத்தேன். நண்பரின் பெயரை அவர் சொல்லவில்லை, புவானும் கேட்கவில்லை. பதினொன்று, எண்ணெய். பன்னிரண்டு?

"அவள் துணிகளை மடித்தேன்."

"எல்லாவற்றையுமா?"

"கேன்டீனுக்குப் போட்டுப்போகும் சட்டையைத் தவிர. அதில் குழம்புக் கறை இருந்தது. துவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்."

புவானின் பேனா கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறி எழுதியது. பதின்மூன்று, பதினான்கு, எண்ணெய். பதினைந்து, எண்ணெய், சாவியைப் பார்த்தேன், எடுக்கவில்லை. பதினாறு, பதினேழு, எண்ணெய். பதினெட்டு, கருமாதி.

எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். சுகுமாறன் மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துப் படித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஏழாம் தேதி காலையில் இல்லை, மாலையில்தான் ஊற்றினேன் என்று ஓர் இடத்தைத் திருத்தச் சொன்னார். திருத்தினார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. பதினாறு நாள் வாகனம் போகாததால் ஒன்பதாவது நிபந்தனைப்படி சாலை காட்டுக்குத் திரும்பியது. ஷபீருக்குக் கடுதாசி வந்தது; மேசையும் வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. அதற்கும் லோரி தேவைப்படவில்லை. சந்திரகலா போனில் கூப்பிட்டு, சீருடை இரண்டையும் சாவியையும் காஜாங் கொட்டகையில் கொடுத்துவிடச் சொன்னாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல அங்கிள்" என்றாள். அவரும் இல்லை என்றார்.

ஒப்படைத்துவிட்டு ரயிலில் வந்தார். மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது வள்ளியம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு மாப்பிள்ளே?"

"வேலை போயிருச்சு. தீர்ப்பு நகல் குடுத்தாங்க." தாளை மேசையில் வைத்தார். "இதுல எழுதியிருக்காங்க."

"என்னான்னு?"

"மூணாந்தேதியிலேருந்து பதினெட்டு வரைக்கும் வீட்டுல இருந்தேன்னு."

வள்ளியம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். "அதான் இருந்தீங்களே. இதை எழுத ஒரு ஆபீசா? கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

சுகுமாறன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மீனில் உப்பு கூடியிருந்தது. அவர் அதைக் கவனித்தார்.